தெருக் குழாயும் சுயராஜ்யமும்

காலையில் பத்திரிகை வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது டில்லிச் செய்தி. அடுத்தபடி சென்னைச் செய்தி. பிறகு அயல் நாட்டு யுத்தம், கிரிக்கெட், சினிமா. நம் ஊர் நகரசபைக் கூட்டத்தைப் பற்றிய செய்தியோ உள்பக்கம் ஒன்றின் அடியில் நாலு வரியாக ஒடுங்கிக் கிடக்கும். அதை வாசிப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

ஆனால், நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும், தெரு முனையிலுள்ள சாக்கடை எப்போது மூடப்படும், நம் வீட்டு வரி எவ்வளவு உயரும் என்பவையெல்லாம் அந்த நாலு வரிக்குள்தான் அடங்கியிருக்கின்றன. டில்லியில் ஒரு மந்திரி மாறினால் நமது சமையலறையில் எதுவும் மாறுவதில்லை. நகரசபையின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு வால்வு பழுதுபட்டால் அன்றைக்கு உலை வைக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளிடம் பிரதம மந்திரியின் பெயரைக் கேட்டால் வகுப்பு முழுவதும் கை தூக்குகிறது. முதன் மந்திரியின் பெயரைக் கேட்டாலும் அப்படியே. "உங்கள் வார்டு எத்தனையாவது வார்டு? அதன் கவுன்ஸிலர் யார்?" என்று கேட்டுவிட்டால், எல்லாரும் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. வீட்டில் பேசாத விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குடவோலை கண்ட நாடு

இத்தனைக்கும் ஸ்தல சுய ஆட்சி நமக்குப் புதிதல்ல. காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இருக்கின்றன. அவை கி. பி. 919, 921-ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய பாஷையில் வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஆண்டுக் காரியங்களைப் பார்க்க ஸம்வத்ஸர வாரியம் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சாஸனத்தில் நாம் இன்றும் மனப்பாடம் செய்யவேண்டிய விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மறுபடி பெயர் கொடுக்கக் கூடாது. அவனுடைய நெருங்கிய பந்துக்களும் கூடாது என்பதே அது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள், பொதுப் பணம் எந்த வழியாகக் கசியும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்!

அந்தச் சபை ஒரு பிராம்மண ஊரின் சபை என்பதையும், நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்று 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு. 2016-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களில் சரிபாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உத்திரமேரூரின் கணக்கு வழக்கை எடுத்துக்கொண்டு, அதன் குறையைத் தள்ளிவிட்டோம் என்று பெருமைப்படலாம். ஆனால் கணக்கை யார் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தலைவர்கள் பயின்ற பள்ளிக்கூடம்

1882-ஆம் வருஷம் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். நகரசபைகளில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர் மிகுதியாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அரசியல் ஞானத்தை ஜனங்கள் பழகிக்கொள்ளும் இடமாக அவர் நகரசபையைக் கருதினார்.

நமது தேசத் தலைவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பயின்றார்கள். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். பெரியார் ஈ. வெ. ராமசாமி ஈரோட்டு நகரசபைத் தலைவராயிருந்து, காவேரிக் குடிநீர் அவ்வூருக்குக் கிடைக்கப் பாடுபட்டவர். வல்லபாய் படேல் 1917-இல் ஆமதாபாத் நகரசபையில் அங்கத்தினராகப் புகுந்து, சுகாதாரக் கமிட்டியில் வேலை பழகி, 1924 முதல் 1928 வரை அதன் தலைவராக விளங்கினார். ஜவாஹர்லால் நேரு அலகாபாத்திலும், ராஜேந்திர பிரஸாத் பாட்னாவிலும் நகரசபைத் தலைமை வகித்தவர்கள். தேசத்தை ஆள வந்தவர்கள் முதலில் சாக்கடையையும் தண்ணீர்க் குழாயையும் ஆண்டு பார்த்தார்கள்.

சத்தியமூர்த்தியின் கதை இன்னும் உருக்கமானது. 1939-இல் அவர் சென்னை மேயரானபோது பட்டணம் தண்ணீருக்குத் தவித்தது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டவேண்டுமென்று வாதாடி, யுத்த காலத்திலும் சர்க்காரைச் சம்மதிக்கச் செய்தார். நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. அவரோ 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். பிற்காலத்தில் அது அவர் பெயராலேயே சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்கலாயிற்று. சட்டசபையில் அவர் செய்த பிரசங்கங்களை இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள்? பூண்டித் தண்ணீரைக் குடிப்பவர்கள் பல லட்சம்.

ஐந்து வருஷம் நாலு மாதம்

சுதந்திரம் வந்த பிறகு வெகுகாலம் ஸ்தல ஸ்தாபனங்கள் மாகாண சர்க்காரின் தயவில் வாழ்ந்தன. 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவற்றுக்கு நிலையான அந்தஸ்து கொடுத்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும். நகர அமைப்பு, குடிநீர், சுகாதாரம், தெரு விளக்கு, பூங்கா, மயானம், பிறப்பு இறப்புக் கணக்கு முதலிய 18 விஷயங்களை நகரசபைகளிடம் ஒப்படைக்கலாம் என்று ஏற்பட்டது.

இத்தனை திட்டமாகச் சட்டம் இருந்தும் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. வழக்குகளும் வார்டு பிரிவினைத் தகராறுகளுமாக நாள் ஓடியது. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. மார்ச் 2-ஆம் தேதி புதிய அங்கத்தினர் பதவியேற்றார்கள். இடையில் ஏறக்குறைய ஐந்து வருஷம் நாலு மாதம் நம் ஊர்களை ஆண்டவர்கள் தனி அதிகாரிகள்.

அக்காலத்தில் தெரு கூட்டப்பட்டது. தண்ணீரும் ஏதோ வந்தது. வரியும் தவறாமல் வசூலாயிற்று. ஆனால் "ஏன்?" என்று கேட்க ஒருவர் இல்லை. சட்டசபைத் தேர்தல் இவ்விதம் ஐந்து வருஷம் தள்ளிப்போயிருந்தால் நாடே கொந்தளித்திருக்கும். நகரசபை இல்லாமற் போனதையோ நம்மில் பலர் கவனிக்கவே இல்லை. இதைவிடக் கவலை தரும் செய்தி வேறில்லை. இல்லாமற் போனதைக் கவனியாதவர்களுக்கு, ஒரு ஸ்தாபனம் இருப்பதனால் மட்டும் பயன் என்ன?

எது யார் பொறுப்பு?

பயன் பெற வேண்டுமானால் முதலில் எது நகரசபையின் வேலை என்று தெரிந்திருக்க வேண்டும். ரேஷன் கடை அரிசி சரியில்லை என்று கவுன்ஸிலரிடம் சண்டை பிடிப்பதிலும், மின்சாரம் நின்றுபோனதற்குச் சேர்மனைத் திட்டுவதிலும் லாபமில்லை. அவை வேறு இலாகாக்கள். தெரு விளக்கு எரியவில்லையென்றால் அது நகரசபையின் பொறுப்பு. ஊர் நடுவே செல்லும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அதிலிருந்து பிரியும் நம் தெரு நகரசபையைச் சேர்ந்தது. மேடு பள்ளத்தைப் பற்றி மனு எழுதுமுன் இதை விசாரித்துக்கொண்டால் மனு வீண் போகாது.

பிறப்பும் இறப்பும். வீட்டில் குழந்தை பிறந்தால் ஜாதகம் குறிப்பதற்கு முன் செய்யவேண்டியது பிறப்புப் பதிவு. 1969-ஆம் வருஷச் சட்டத்தை ஒட்டி 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரியாரே தெரிவிப்பார்கள். தெரிவித்தார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நாம். ஒரு வருஷம் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வரையில் அலைய நேரும். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், சர்க்கார் உத்தியோகம் முதலியவற்றுக்கெல்லாம் இந்தச் சான்றிதழே பிறந்த தேதிக்கு அத்தாட்சி என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள். பள்ளி ஆசிரியன் என்ற முறையில், அந்த ஓர் எழுத்துக்காகப் பத்தாம் வகுப்பிலே கண் கலங்கும் பிள்ளைகளை வருஷந்தோறும் பார்க்கிறேன்.

குடிநீர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டுமென்பது மத்திய சர்க்காரின் நிபுணர்கள் வகுத்த அளவு. அளவைப் போலவே சுத்தமும் முக்கியம். தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டில் மருந்து வாசனை வீசுவதால் கடைக்கோடி வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்ததாக ஆகாது. வாந்தி பேதி தோன்றும் தெருவில் முதலில் இதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குப்பையும் கழிவும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரிக்கவேண்டும் என்பது 2016-இல் வந்த விதி. இதில் பாதி வேலை நம்முடையது. நாம் கலந்து கொடுத்துவிட்டு, அழுகிய குழம்பிலிருந்து கண்ணாடித் துண்டை வேறொருவர் கையால் பொறுக்கட்டும் என்று விடுவது நாகரிகமாகாது. கழிவுத் தொட்டி நிறைந்தால் இயந்திர லாரியையே அழைக்க வேண்டும். தக்க பாதுகாப்பில்லாமல் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. சாக்கடையில் உயிரிழந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டிய நஷ்ட ஈட்டை 2023-இல் சுப்ரீம் கோர்ட் 10 லட்சத்திலிருந்து 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. அந்தத் தொகை அவரைத் திருப்பித் தராது. "ஐந்நூறு ரூபாய் மிச்சம்" என்று ஓர் உயிரைப் பணயம் வைக்கும் வீடு எவ்வளவு படித்த வீடானாலும் படித்த வீடு அல்ல.

வரியும் கணக்கும்

சொத்து வரியை அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்துகிறோம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கும். தொடங்கி 30 நாளுக்குள் செலுத்துவோருக்கு 5 சதவிகிதச் சலுகை உண்டென்று 2023-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. சலுகை கிடக்கட்டும், வரி செலுத்திய ரசீது கையில் இருப்பவனுக்குக் கேள்வி கேட்கும் குரலும் கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும். பாக்கி வைத்திருப்பவன் சேர்மனைக் கண்டால் சந்தில் ஒதுங்குகிறான்.

அப்படிக் கேட்பதற்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்துடன், நம் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவாயிற்று, ஒப்பந்தக்காரர் யார் என்று எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை. கூச்சமும் வேண்டாம், நம் வீட்டுக் கணக்கை நாம் பார்ப்பதற்குக் கூச்சம் எதற்கு?

இரண்டாவது, பகுதி சபை. கிராமத்தாருக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகரத்து வார்டுகளுக்கு உள்ளே சிறு சிறு பகுதிகளாக ஜனங்கள் கூடிக் குறை சொல்லவும் யோசனை கூறவும் 2022-இல் தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதன் மந்திரி மு. க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த பகுதி சபைக்கு நேரில் வந்திருந்தார். மந்திரி வரும் கூட்டத்துக்குக் கூட்டம் சேர்வது ஆச்சரியமில்லை. மந்திரி வராத கூட்டத்துக்கு நாம் போகிறோமா என்பதில்தான் நம் சுயராஜ்யம் இருக்கிறது.

முக்கியமாகக் குடும்ப ஸ்திரீகள் போகவேண்டும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை குடம் பிடிக்க முடிகிறது, எந்த விளக்கு எரியாததால் பெண் குழந்தை டியூஷனிலிருந்து சுற்று வழியாக வருகிறாள் என்பதெல்லாம் ஆபீஸ் போகும் ஆண்பிள்ளைகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாதிக் கவுன்ஸிலர்கள் பெண்களாயிருக்கும்போது பேசுவதற்குத் தயக்கம் என்ன? சில இடங்களில் கவுன்ஸிலர் அம்மாளின் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வதாகச் சொல்கிறார்கள். "நாங்கள் ஓட்டுப் போட்டது அம்மாளுக்கு" என்று நாலு பெண்கள் சேர்ந்து ஒரு முறை சொன்னால் போதும். அந்த நாற்காலி தானே காலியாகும்.

நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. உங்கள் வார்டு எண்ணையும் கவுன்ஸிலரின் பெயரையும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நகரசபை வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது, மாத மளிகைக் கணக்கைப் பார்ப்பதுபோல ஒரு மாலை வேளையில் குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். அடுத்த பகுதி சபைக்கு வீட்டிலிருந்து ஒருவராவது போங்கள். பத்திரிகையின் உள்பக்கத்து நாலு வரியை முதலில் படியுங்கள். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், எழுதுகிறவர்களும் நாலு வரியை நாற்பது வரியாக்குவார்கள். ஆள்கிறவர்களும் கொஞ்சம் பார்த்தே நடப்பார்கள்.