கோழி கொத்தும் பழங்கள்... எது தீனி, எது விஷம்?

‘வீட்டுக்குப் பின்னால் இருபது நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. கிணற்றடியில் மணத்தக்காளி, வேலியில் உண்ணிச்செடி. இரண்டின் பழங்களையும் கொத்துகின்றன. போன மாதம் மூன்று குஞ்சுகள் செத்துவிட்டன. செடிகளை வெட்டிவிடலாமா?’

திண்டுக்கல் மாவட்ட வாசகி ஒருவரின் கேள்வி இது. புறக்கடையில் கோழி வளர்க்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு.

மணத்தக்காளியை வெட்ட வேண்டாம். கறுத்துப் பழுத்தது கோழிக்கு நல்ல தீனி. பச்சைக்காயில்தான் நச்சுப்பொருள் அதிகம். கசப்பதால் கோழி பெரும்பாலும் தொடாது. தக்காளிச் செடியின் இலை, தண்டு, பச்சை பிடித்த உருளைக்கிழங்குத் தோல் ஆகியவற்றிலும் இதே வகை நச்சு உண்டு. சமையலறைக் கழிவைக் கொட்டும்போது அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள்.

உண்ணிச்செடி வேறு கதை. அதன் இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும். பழுத்த பழத்தை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்றுதான் காடெல்லாம் பரப்புகின்றன. அதற்காகக் கோழிக்குப் பறித்துப் போட வேண்டாம். காய்தான் ரொம்ப ஆபத்து. வேலியில் இருப்பதைக் கவாத்து செய்தால், வெட்டிய கிளையைக் கோழி அடையும் இடத்தில் போடாதீர்கள்.

பொதுவாக, அவிழ்த்துவிட்ட கோழி கசப்பானதைக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அடைத்து வைத்த கோழிக்கு அந்த வசதி இல்லை. பசியோடு இருக்கும் கூண்டுக்குள் நாம் அள்ளிப் போடுவதுதான் அதற்குத் தீனி. அரளிச் சருகைக் கூட்டிப் பெருக்கிக் கொட்டகையில் பரப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காய்ந்தாலும் அரளியின் விஷம் போகாது, இதயத்தைத் தாக்கும். குன்றிமணியின் ஓடு கெட்டி என்றாலும், கோழி வயிற்றுக்குள் கல்லை வைத்து அரைக்கும் பறவை. நம்பக் கூடாது. ஊமத்தை விதை கம்பு, சோளத்தோடு கலந்து வந்தால் சலித்து எடுங்கள். ஆமணக்குப் பிண்ணாக்கு உரத்துக்கு மட்டும்தான்.

கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் இருப்பவர்கள் பட்டர் ஃப்ரூட்டைக் கவனிக்க வேண்டும். மனிதருக்குச் சத்தான அந்தப் பழம் பறவைகளுக்கு ஆகாது. இலை, தோல், கொட்டை எதையும் போட வேண்டாம்.

சூபாபுல் இலை மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும். ஆனால், உலர்த்திய தூளாகத் தீவனத்தில் 5 சதவிகிதத்தைத் தாண்டினால் வளர்ச்சி குறையும், முட்டையும் குறையும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாமல், நறுக்கி நன்றாக வெயிலில் காயவைத்தே கொடுக்க வேண்டும். முருங்கை, அகத்தி, அசோலா, பப்பாளி, கொய்யா, மல்பெரி, சிங்கப்பூர் செர்ரி இவற்றுக்கெல்லாம் பயம் வேண்டாம். மல்பெரியோ மணத்தக்காளியோ தின்ற மறுநாள் எச்சம் ஊதா நிறத்தில் இருக்கும். ரத்தக்கழிச்சல் என்று பதறிவிடாதீர்கள். பழம் பத்தில் ஒரு பங்குக்குமேல் போனால், தீவனம் தின்பது குறைந்து புரதம் பற்றாமல் போகும்.

குஞ்சுகள் செத்த விஷயத்துக்கு வருவோம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்திருந்தால் அது செடியின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு, வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரத்தில் ஊசி என்று தடுப்பூசி போடாத குஞ்சுகளை இந்த நோய் கூட்டத்தோடு கொண்டுபோய்விடும். மருந்து தெளித்த வயலில் மேய்ந்ததா, மருந்து கலந்த விதையையோ எலிப்பாஷாணத்தையோ கொத்தியதா என்றும் விசாரியுங்கள். என் கணக்கில், பழத்தைவிட இவற்றால் செத்த கோழிகளே அதிகம்.

இனி ஒரு குஞ்சு செத்தால் குழியில் போட்டுவிடாதீர்கள். பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் கட்டி வைத்து, சில மணி நேரத்துக்குள் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தீனிப்பையைத் திறந்து பார்த்தால் என்ன தின்றது என்று தெரியும். சந்தேகப்படும் செடியிலிருந்து காயோடு ஒரு கொத்து ஒடித்து, அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.