ரொம் றொபின்சனுக்கு முன்னால் ஒன்பது பேர்

கனடாவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பாடசாலையில் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தார்கள். ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலில் வரும் சட்டத்தரணி அற்றிக்கஸ் ஃபிஞ்ச் ஏன் வீரராகக் கொள்ளப்படுகிறார் என்பது கேள்வி. அவளுக்கு உதவும் சாட்டில் நானும் நாவலைத் திரும்பப் படித்தேன். கிறெகரி பெக் நடித்து 1962இல் வந்த திரைப்படத்தைப் பார்த்து உருகியவர்களில் நானும் ஒருவன். இம்முறை வேறொன்று உறுத்தியது. வெள்ளைப் பெண்ணொருத்தியை வல்லுறவுக்கு உட்படுத்தியதாகப் பொய்க்குற்றம் சாட்டப்படும் ரொம் றொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, ஏறக்குறையச் சாட்சிக் கூண்டில் மட்டுமே வாய் திறக்கிறான். பிறகு சிறைக் காவலர்களின் பதினேழு சூடுகளுக்கு இரையாகிறான். அவனைப் பற்றிப் பேசுவோரில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். கதையைச் சொல்பவள் ஒரு வெள்ளைச் சிறுமி.

நாவல் 1960இல் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஆனால் அதன் கதை நடப்பது 1930களின் அலபாமாவில். இதே மாநிலத்தில் அதே பத்தாண்டில், இதே குற்றச்சாட்டோடு உலகையே உலுக்கிய வழக்கொன்று நடந்தது. ஸ்கொட்ஸ்பறோ வழக்கு என்பது அதன் பெயர். லீ தன் மனதில் இருந்தது இவ்வளவு பரபரப்பான வழக்கல்ல என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அவரது சொந்த ஊரான மொன்றோவிலிலேயே வோல்ட்டர் லெற் என்ற கறுப்பினத்தவர் 1930களின் நடுப்பகுதியில் இதே குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றார். தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டபோது அவரது மனம் குலைந்து போயிருந்தது. 1937இல் காசநோயால் இறந்தார். லீயின் தந்தையும் சட்டத்தரணிதான். 1919இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரு கறுப்பினத்தவருக்காக வாதாடித் தோற்றவர். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். ஆக, நாவலுக்கு ஒரே மூலத்தைத் தேடுவது வீண் வேலை. நான் ஸ்கொட்ஸ்பறோவை எடுத்துக்கொள்வது, நாவல் சொல்லாமல் விட்டவற்றை அது சொல்கிறது என்பதற்காகவே.

1931 மார்ச் 25. பொருளாதார மந்தத்தின் மோசமான நாட்கள். சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிச் செல்லும் சரக்கு ரயிலில் வேலை தேடி அலையும் இளைஞர்கள், வெள்ளையரும் கறுப்பருமாக, களவாக ஏறியிருந்தனர். இடையில் கைகலப்பு மூண்டது. கீழே தள்ளப்பட்ட வெள்ளை இளைஞர்கள் முறையிட்டனர். பெயின்ற் றொக் என்ற சிற்றூரில் ஆயுதம் தாங்கிய கும்பல் ரயிலை மறித்து ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பிடித்தது. மிக இளையவனுக்குப் பதின்மூன்று வயது. அதே ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்களும் இருந்தனர். விக்ரோறியா பிறைஸ், றூபி பேற்ஸ். ஒன்பது பேரும் தங்களை வல்லுறவுக்கு உட்படுத்தியதாக அவர்கள் சொன்னார்கள்.

கைதாகிய பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 6ஆம் திகதி, ஸ்கொட்ஸ்பறோவில் விசாரணை தொடங்கியது. எதிரிகளுக்காக நின்றவர்கள் இருவர்: சட்டனூகாவிலிருந்து வந்த, காணி வழக்குகளில் பழகிய ஒருவர், எழுபதை எட்டிய உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவர். நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அரச தரப்பு கேட்டதே ஆயுட்சிறைதான். ஆனால் ஜூரிகளில் பதினொருவர் அவனையும் கொல்ல வேண்டுமென்று நின்றதால் முடிவு எட்டப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவன் ஏறக்குறையப் பார்வையற்றவன். இன்னொருவன் நோயால் நடக்கவே சிரமப்பட்டவன். ரொம் றொபின்சனின் சூம்பிப்போன இடக்கையை இங்கே நினைவுபடுத்திக் கொள்ளலாம்.

இந்த வேகத்தை விளங்கிக்கொள்வது முக்கியம். டஸ்கீகி நிறுவனத்தின் கணக்கின்படி 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் 4743 பேர் கும்பல்களால் கொல்லப்பட்டனர். அவர்களில் 3446 பேர் கறுப்பினத்தவர். கறுப்பு ஆண் வெள்ளைப் பெண்ணைத் தொட்டான் என்பது இக்கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட நியாயம். அது பெரும்பாலும் பொய் என்று பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892இலேயே ஆதாரங்களோடு எழுதினார். மெம்ஃபிஸில் அவரது பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது. ஸ்கொட்ஸ்பறோவிலும் முதல் நாளிரவே கும்பல் சிறையைச் சூழ்ந்தது. ஆளுநர் படையை அனுப்பினார். நாவலில் ஒரு சிறுமியின் கள்ளமற்ற பேச்சு கும்பலைக் கலைத்து விடுகிறது. நிஜத்தில் கும்பலைக் கலைத்தது துப்பாக்கியும், கூடவே ஒரு வாக்குறுதியும்: நீங்கள் செய்ய நினைப்பதைச் சட்டமே விரைந்து செய்து தரும். 1930இற்குப் பிந்திய காலத்தில் அமெரிக்காவில் வல்லுறவுக்காகத் தூக்கிலும் மின்கதிரையிலும் கொல்லப்பட்ட 455 பேரில் 405 பேர் கறுப்பினத்தவர். கும்பலுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் நாவல் வரையும் கோடு அவ்வளவு தடித்ததல்ல என்பது என் எண்ணம்.

அடுத்தது ஜூரிகள். அற்றிக்கஸ் தன் மகனுக்கு ஜூரி முறையைப் பற்றி விளக்கும் இடம் நாவலில் உண்டு. பெண்கள் ஜூரியாக முடியாது என்பதுகூடப் பேசப்படுகிறது (அலபாமாவில் அது மாறியது 1966இல்). கறுப்பர் எவரும் அங்கே ஏன் இல்லை என்ற கேள்வியில் மட்டும் நாவல் நிற்பதில்லை. விடை 1901ஆம் ஆண்டு அலபாமா அரசியலமைப்பில் இருக்கிறது. வெள்ளையர் மேலாதிக்கத்தைச் சட்டத்தின் வரம்புக்குள் நிலைநாட்டுவதே நோக்கமென்று அதை ஆக்கிய மாநாட்டின் தலைவரே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தேர்தல் வரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பரின் வாக்கு பறிக்கப்பட்டது. ஜூரிப் பட்டியலைத் தயாரித்தவர்களோ நேர்மையும் புத்தியும் உள்ளவர்களென்று தாம் கருதியோரையே சேர்த்தார்கள். அந்தத் தகுதி ஒரு கறுப்பருக்கும் இல்லையென்று ஆயிற்று. பிற்பாடு கேள்வி எழுந்தபோது பழைய பட்டியலில் கறுப்பர் சிலரின் பெயர்கள் புதிதாகச் செருகப்பட்டிருந்தன. அந்தப் புத்தகம் வாஷிங்ரனுக்குக் கொண்டுவரப்பட்டு, உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார்கள். 1935இல் 'நோறிஸ் எதிர் அலபாமா' தீர்ப்பு இவ்வாறுதான் வந்தது. அதற்கு முன் 1932இல், மரண தண்டனைக்குரிய வழக்கில் எதிரிக்குப் பயனுள்ள சட்ட உதவி கிடைக்கவேண்டுமென்று 'பவல் எதிர் அலபாமா' தீர்ப்பு சொல்லியிருந்தது.

இத்தீர்ப்புகள் ஒரு தனிச் சட்டத்தரணியின் நெஞ்சுரத்தால் மட்டும் வந்தவையல்ல. கம்யூனிஸ்டுகளின் சர்வதேச தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வழக்கைக் கையிலெடுத்து ஊரூராக ஊர்வலம் வைத்தது. இரு பிள்ளைகளைச் சிறையில் கொடுத்திருந்த தாய் எய்டா றைற் 1932இல் ஐரோப்பா முழுவதும் பயணம் செய்து கூட்டங்களில் பேசினார். செக்கோஸ்லோவாக்கியாவில் சிறையிலும் வைக்கப்பட்டார். பிள்ளைக்காக நாடு நாடாக அலையும் தாய் நம்மவருக்குப் புதியவரல்ல. கறுப்பின மக்களின் பழைய சங்கமோ முதலில் தயங்கியது, பின்னர் வழக்கின் உரிமைக்காகக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை பிடித்தது. பையன்களின் உயிரைக் கட்சி தன் பிரசாரத்துக்குப் பாவிக்கிறது என்ற குற்றச்சாட்டில் உண்மையில்லாமலுமில்லை. ஆயினும் கட்சி தலையிட்டிராவிட்டால் எட்டுப் பேரும் 1931இலேயே மின்கதிரையில் இருந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1933இல் டெகேற்றரில் மறுவிசாரணை. நியூயோர்க்கிலிருந்து சாமுவேல் லீபோவிற்ஸ் வந்து வாதாடினார். றூபி பேற்ஸ் கூண்டிலேறித் தன் பழைய வாக்குமூலம் பொய்யென்றார். அரச தரப்புச் சட்டத்தரணி ஒருவர், அலபாமாவின் நீதியை நியூயோர்க் யூதப் பணம் வாங்குவதா என்று ஜூரிகளைக் கேட்டார். மீண்டும் மரண தண்டனை. நீதிபதி ஜேம்ஸ் ஹோர்ற்றன் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதவியிழந்தார். அற்றிக்கஸைத் தேடுவோர் இவரிடம் சற்றுக் காணலாம்.

பெண்ணிலைவாத நண்பர்கள் இங்கே குறுக்கிடுவர் என்பதை அறிவேன். லீபோவிற்ஸ் விக்ரோறியா பிறைஸை மடக்கியது அவரது ஒழுக்கத்தைக் கிளறியே. வல்லுறவை முறையிடும் பெண்ணை இப்படி நடத்துவதை நாம் ஏற்கிறோமா? ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் ஹன்ற்ஸ்வில் பஞ்சாலைத் தொழிலாளிகள். அரைவயிற்றுக் கூலியில் வாழ்ந்தவர்கள். ரயிலில் களவாக ஏறியதற்காகத் தாமே கைதாகக்கூடிய நிலையில் இருந்தவர்கள். கறுப்பரைக் கைகாட்டிய கணத்தில்தான் ஊர் அவர்களை மானமுள்ள வெள்ளைப் பெண்களாகக் கண்டது. நாவலின் மெயெல்லாவும் அத்தகையவளே. லீ இந்த இடத்தை நுட்பமாகவே எழுதியிருக்கிறார்.

முடிவு நீதிமன்றத்தில் வரவில்லை, பேரத்தில் வந்தது. 1937 ஜூலையில் நான்கு பேர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஐவர் சிறையில் தொடர்ந்தனர். அதே ரயில், அதே சாட்சி, அதே குற்றம். கடைசி மனிதர் வெளியே வந்தது 1950இல். ஹேவூட் பற்றர்சன் 1948இல் சிறையிலிருந்து தப்பித் தன் கதையை நூலாக்கினார். கிளாரன்ஸ் நோறிஸ் நியூயோர்க்கில் பல்லாண்டுகள் தலைமறைவாக வாழ்ந்து 1976இல் மன்னிப்புப் பெற்றார். அவரும் தன் நூலை எழுதினார். எஞ்சிய மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல், எல்லோரும் இறந்த பின்.

2015இல் வெளிவந்த லீயின் பழைய கைப்பிரதியில் முதிய அற்றிக்கஸ் வெள்ளையர் மன்றக் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு பலர் அதிர்ந்தார்கள். எனக்கு வியப்பில்லை. 1955இல் எமெற் ரில் என்ற பதினான்கு வயதுப் பையனைக் கொன்றவர்களை மிசிசிப்பி ஜூரிகள் 67 நிமிடங்களில் விடுவித்த காலத்தில் எழுதப்பட்ட பிரதி அது. கனவான்கள் பலரும் அக்கூட்டங்களில்தான் இருந்தார்கள்.

என் மகள் தன் கட்டுரையில் அற்றிக்கஸ் வீரர்தான் என்று எழுதினாள். நான் தடுக்கவில்லை. கடைசிப் பந்தியில் மட்டும் மொன்றோவிலைச் சேர்ந்த வோல்ட்டர் மக்மில்லியன் பற்றிச் சேர்க்கச் சொன்னேன். வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கொன்றதாக 1987இல் கைதான அந்தக் கறுப்பினத்தவர், விசாரணைக்கு முன்பே மரண வரிசையில் அடைக்கப்பட்டார். ஆயுட்சிறை போதுமென்று ஜூரிகள் சொல்லியும் நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். 1993இல் சட்டத்தரணி பிறையன் ஸ்ரீவன்சனின் முயற்சியால் நிரபராதியென வெளியே வந்தார். அவர் சிறையிலிருந்த காலத்திலேயே மொன்றோவில் மக்கள் தம் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் 'மொக்கிங்பேர்ட்' நாடகத்தை ஆண்டுதோறும் மேடையேற்றத் தொடங்கியிருந்தார்கள். ஜூரிகளாகப் பார்வையாளர்களிலிருந்தே பன்னிரண்டு பேர் அழைக்கப்பட்டார்கள்.