காப்பி மலைகள் – 14: புளியமரத்தடியில் ஒரு கடன் கணக்கு

காப்பி விவசாயியின் தலையெழுத்து மலையில் அல்ல, கடைக்காரரின் பேரேட்டில்தான் எழுதப்படுகிறது என்பது இந்தத் தொடரின் பழைய பல்லவி. விடாமல் படிப்பவர்களுக்கு மறந்திருக்காது. இந்த வாரம் போர்ட்டோ ரிக்கோவின் மலையூர் லாரெஸ். அங்குள்ள புரட்சிச் சதுக்கத்தின் தேவாலயத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; குறுக்கே ஒரு புளியமரம் வந்துவிட்டது. விடுதலைத் தலைவர் பெத்ரோ அல்பிசு கம்போஸ் சதுக்கத்தில் நட்ட கன்று அது. சீமோன் பொலிவாரின் நினைவோடு சேர்ந்த மரம் ஒன்றின் வழி வந்தது. நம் ரசத்தில் கரைக்கிற அதே புளி. அரபு வணிகர்கள் அதை ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். ‘டாமரிண்ட்’ அதிலிருந்து வந்தது. ஆனால் மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. பேர் ஒன்று, பிறப்பு வேறொன்று. சதுக்கத்தின் கதையும் அப்படித்தான்: பேர் விடுதலைக்கு, பிறப்பு கடனில்.

1868 செப்டம்பர் 23 இரவு, காப்பித் தோட்டக்காரர் மனுவேல் ரோஹாஸின் பண்ணையில் கூடிய சில நூறு பேர் லாரெஸுக்குள் புகுந்து, ஸ்பானிய வணிகரின் கடைகளைச் சூறையாடி, கடைக்காரர்களைச் சிறையில் தள்ளிவிட்டுக் குடியரசை அறிவித்தார்கள். தோட்டக்காரர்கள் அறுவடையை ஈடாக வைத்து அந்தக் கடைகளில்தான் முன்பணம் வாங்கியிருந்தார்கள். போதாததற்கு முந்தைய ஆண்டின் புயலும் நிலநடுக்கமும். லெய்ர்ட் பெர்காட் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கிளர்ச்சியைக் காப்பிக் கடனோடு சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்.

நாடுகடந்து வாழ்ந்த மருத்துவர் பெத்தான்சஸ் தீட்டிய விடுதலைத் திட்டத்தைக் கடன்காரர் கலகமாகச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செப்டம்பர் 29-க்குக் குறித்திருந்த எழுச்சி, திட்டம் வெளியே கசிந்ததால்தான் முந்திக்கொண்டது. ஆகவே நாள் தற்செயல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைக்காரர்கள் சிறைக்குப் போனது தற்செயல் அல்ல. சரி, முதலாளியின் கடனுக்காகக் கூலியாள் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்? இதற்கு விடை புதிய அரசின் ஆணைகளில் இருக்கிறது. நிலமில்லாத கூலியாள் எங்கே வேலை செய்கிறான், நடத்தை எப்படி என்று முதலாளி எழுதிவைக்கும் ‘லிப்ரேத்தா’ என்ற கையேட்டை 1849 முதல் அவன் சுமந்து திரிய வேண்டியிருந்தது. அதை ஒழித்தார்கள், கூடப் போரிடும் அடிமைக்கு விடுதலை என்றார்கள். கடைக்காரரின் பேரேட்டிலிருந்து தப்ப நினைத்த தோட்டக்காரர், தன் கையிலிருந்த பிடியையும் விட வேண்டியதாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ முறை ஆளைக் கடனோடு கட்டிவைத்ததை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

மறுநாளே பக்கத்து ஊரான பெப்பினோவில் தோற்றார்கள்; ஆணைகளும் அதோடு போயின. லிப்ரேத்தா முறை உண்மையில் ஒழிந்தது 1873-இல்தான். கிளர்ச்சியாளர்கள் தங்கள் கொடியை வைத்தது அந்தத் தேவாலயத்தின் பீடத்தில்தான். அது அடுத்த வாரம், நிச்சயமாக.