விடுதியில் கிடந்த கருவி!

அமெரிக்காவில் 'அப்பலாச்சியன் பாதை' என்று ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. அதன் நீளம் சுமார் 2,190 மைல்! 14 மாநிலங்கள் வழியாக, மலையும் காடுமாகப் போகிறது. தோளில் மூட்டையைச் சுமந்து, இரவில் கூடாரம் அடித்துத் தங்கி, மாதக்கணக்கில் நடப்பவர்கள் உண்டு.

2013-ம் ஆண்டு ஜூலை மாதம் 66 வயதுப் பெண்மணி ஒருவர் அந்தப் பாதையில் போனார். மெய்ன் மாநிலத்தில், பாதையை விட்டுச் சற்றே காட்டுக்குள் ஒதுங்கினார். திரும்பும் வழி தெரியவில்லை!

கையில் செல்போன் இருந்தது. கணவருக்குச் செய்தி அனுப்பினார். போகவில்லை. மேட்டில் ஏறி மீண்டும் மீண்டும் அனுப்பினார். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

பெரும் கூட்டம் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியது. பலன் இல்லை. 2015 அக்டோபரில்தான் அவருடைய உடல் கிடைத்தது. கூடாரத்திலேயே சில வாரங்கள் உயிரோடு இருந்திருக்கிறார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் அதைச் சொல்லின. அந்த இடம் பாதையிலிருந்து 2 மைலுக்குள்தான்!

செயற்கைக்கோள் மூலம் ஆபத்துச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

கோபுரம் இல்லாத காடு

செல்போன் பேச, பக்கத்தில் கோபுரம் வேண்டும். காட்டில் ஏது கோபுரம்? ஆபத்துக் கருவி நேராக வானத்தோடு பேசுகிறது. அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஆபத்துக் குரல் மட்டும் கொடுப்பது. மாதச் சந்தா கிடையாது. பொத்தானை அழுத்தினால், இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குத் தெரியும். அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஏற்பாடு இது. 1982-ல், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கீரியும் பாம்புமாக இருந்த காலத்திலேயே, இது உயிர்களைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டது!

மற்றது, சந்தா கட்டும் வகை. "நலம், நாளை வருகிறேன்" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பலாம். வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு முதல் வகையே போதும்.

எந்த வகையானாலும், திறந்த வானம் தெரியும் இடத்தில் வைத்து இயக்க வேண்டும்.

பாட்டரியைக் காப்பாற்றுங்கள்

செல்போனும் வீண் அல்ல. வரைபடத்தை வீட்டிலேயே அதில் இறக்கிக்கொண்டால், கோபுரம் இல்லாமலே இருக்கும் இடத்தைக் காட்டும். ஆனால், இல்லாத கோபுரத்தைத் தேடித் தேடியே பாட்டரி தீர்ந்துவிடும். 'விமானப் பயண' நிலையில் போட்டு வையுங்கள். குளிரில் பாட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய ஒளித் தகடு பார்க்க அழகுதான். அடர்ந்த மர நிழலில் அது வெறும் சுமை. அதற்குப் பதில் ஒரு 'பவர் பேங்க்' கொண்டுபோகலாம். தலையில் கட்டும் டார்ச் விளக்கு, காகித வரைபடம், திசைகாட்டி ஆகியவையும் பையில் இருக்கட்டும்.

இமயமலைக்குப் போகிறவர்களுக்கு...

இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாக அனுப்பினாலும், அனுமதி பெற்ற பிறகே கையில் எடுக்க வேண்டும்.