எண்ணெய்த் துளியும் மரத்தூளும்

தையல் இயந்திரம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய்க் குப்பியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மிதி கனத்தால் இரண்டு துளி. துளி மிகுந்தால் அடுத்துத் தைக்கும் துணியில் கறை. மரத்தில் பூவேலை செய்யும் சி.என்.சி. ரூட்டர் என்ற இயந்திரத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஆனால் அங்கே விளைவு கறையோடு நின்றுவிடுவதில்லை.

கணினியில் வரைந்த ஒரு கோலத்தைப் பலகையில் அப்படியே செதுக்கித் தருவது இந்த இயந்திரத்தின் வேலை. வேகமாகச் சுழலும் கூரிய 'பிட்' ஒன்றை இடம் வலமாகவும், முன்னும் பின்னுமாகவும், மேலும் கீழுமாகவும் அது நகர்த்துகிறது. இந்த எண்ணம் முதலில் மரவேலைக்காகப் பிறந்ததன்று. ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனையிலிருந்து வளர்ந்து, 1952-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் இயந்திரமாக அது உருப்பெற்றது. இன்றோ வீட்டு மேசைமேல் வைத்து, பொழுதுபோக்காகப் பெயர்ப்பலகை செதுக்குவோரும் இருக்கிறார்கள்.

இச்சிறு இயந்திரங்களை நகர்த்துவது பெரும்பாலும் 'ஸ்டெப்பர் மோட்டார்'. அது ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழலும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டுடன் அதை இணைத்தால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர் நகர்வு. தலைமுடியின் பருமனிலும் குறைவு! ஆனால் இந்த மோட்டாருக்குக் கண் இல்லை. 'நூறு படி செல்' என்று கணினி கட்டளையிடுகிறது. சென்றதா என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்டில் அழுக்குக் கட்டி மோட்டார் திணறினால், ஒரு சறுக்கலுக்கு நான்கு படிகளாவது போய்விடும். பலமுறை சறுக்கினால் மில்லிமீட்டர் கணக்கில் விலகும். கணினியோ ஒன்றும் அறியாமல் வேலையைத் தொடரும். பெயர்ப்பலகையின் முதல் நான்கு எழுத்துகள் ஒரு வரிசையிலும் மற்றவை வேறொரு வரிசையிலும் நிற்கும். நல்ல தேக்குப் பலகை விறகாகிவிடும்.

ஆகவே எண்ணெய் விடலாம் என்று அவசரப்படக் கூடாது. முதல் வேலை துடைப்பது. எண்ணெயோடு மரத்தூள் சேர்ந்தால் களிம்பு போன்ற ஒரு பசை உண்டாகும். அது வழுக்கவும் செய்யாது, விலகவும் செய்யாது. பலகையில் மணல் ஒட்டியிருந்தாலோ அதுவே உப்புத்தாளாகித் தேய்க்கும். அழுக்கின்மேல் புது எண்ணெய் விடுகிறவர் அந்தப் பசைக்குத் தீனி போடுகிறார். முதலில் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையால் தூளைத் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பஞ்சு பிரியாத பழந்துணியால் துடைக்க வேண்டும். காற்றுக் குழாயால் ஊதினால் வேலை விரைவில் முடியும் என்பது உண்மை. ஆனால் தூள் பேரிங்குகளுக்குள் புகும். மீதி நம் மூச்சில் புகும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. ஆகையால் இதைச் செய்யும்போது முகமூடி அணிவது வீண் ஆடம்பரமன்று.

துடைத்தபின் எங்கே, எதை இடுவது? எஃகு ரெயில்கள்மீது ஓடும் கட்டைகளுக்குள்ளும், பால் ஸ்க்ரூ என்னும் திருகுத் தண்டின் நட்டுக்குள்ளும் சிறு எஃகுக் குண்டுகள் வரிசையாகச் சுழன்று ஓடுகின்றன. இவற்றுக்கு உகந்தது லித்தியம் கிரீஸ். கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெயைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு! குண்டுகள் அழுத்தும்போது எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து உலோகத்துக்கு இடையே மெல்லிய படலமாகிறது. கட்டையிலுள்ள நிப்பிள் வழியே சிறிதளவு செலுத்தி, கட்டையைக் கோடிக்குக் கோடி சிலமுறை நகர்த்தி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். மோட்டார் இணைந்திருக்கையில் கையால் வேகமாகத் தள்ளக் கூடாது. அப்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, கட்டுப்பாட்டுப் பலகையைக் கெடுத்துவிடலாம். பையத் தள்ளினால் இன்னொரு பயனும் உண்டு. எந்த இடத்தில் இறுகுகிறது என்பதைக் கையே சொல்லிவிடும்.

பிளாஸ்டிக் நட் உள்ள சாதாரணத் திருகுத் தண்டுக்குக் கிரீஸைவிட, பூசியதும் காய்ந்து வழவழப்பான படலமாக நிற்கும் டெஃப்ளான் வகைத் தெளிப்பானே நல்லது. அதில் தூள் ஒட்டாது.

எண்ணெயே கூடாத இடங்களும் உண்டு. பல்வரிசை உள்ள ரப்பர் பெல்ட்டுக்கு அது ஆகாது. சில இயந்திரங்கள் அலுமினியச் சட்டத்தின்மீது கடினப் பிளாஸ்டிக் சக்கரங்களால் ஓடுகின்றன, அவற்றுக்கும் வேண்டாம். அந்தச் சக்கரங்களில் மரத்தூள் அப்பளம் போல் அழுந்திப் படியும். அதைச் சுரண்டி எடுத்தால் போதும். பிட்டைச் சுழற்றும் மோட்டாரின் பேரிங்குகள் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை. அவற்றைத் தொட வேண்டாம். பிட்டை இறுக்கிப் பிடிக்கும் 'காலெட்' என்ற சிறு கவ்வியை மட்டும் கழற்றி, மரப்பிசின் போகத் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே மாட்ட வேண்டும். அங்கே எண்ணெய் பட்டால், சுழலும் பிட் வேலையின் நடுவில் கீழே நழுவக்கூடும்.

வீட்டிலுள்ள எண்ணெய் எதையாவது விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பாட்டி தையல் இயந்திரத்தின் பக்கமே தேங்காய் எண்ணெயை அண்டவிடமாட்டார். அது சரியே: ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறையும்; நாளானால் பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெய் இன்னும் மோசம். காற்றுப் பட்டால் அது வார்னிஷ் போல் இறுகிவிடும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். எல்லாவற்றுக்கும் டபிள்யூ.டி.-40 தெளிப்போரும் இருக்கிறார்கள். 1953-இல் அது உருவானது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. பழைய அழுக்கைக் கரைக்க அது மெத்தச் சரி. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் தெளித்தால், இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ரெயில் செய்யும் நிறுவனங்கள் பொதுவாக 100 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒருமுறை என்பார்கள். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 555 மணி நேரம். ஆனால் அது தூசியில்லாத இடத்துக்கான கணக்கு. மரத்தூள் பறக்கும் பட்டறையில் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு நாள் வேலைக்குப் பின்னும் துடைத்து, ரெயிலை விரலால் தடவிப் பார்ப்பதே நல்லது. மெல்லிய ஈரம் தெரிந்தால் போதும். விரல் கறுத்தால் துடைக்க வேண்டும். முற்றிலும் உலர்ந்திருந்தால் கிரீஸ் இட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கலாம். பின்னலைச் சுருட்டிக் கட்டி, தாவணியை இடுப்பில் செருகி, கண்ணாடி அணிந்த பிறகே மின்சாரம் வர வேண்டும். ஒரு பழைய பலகையில் பென்சிலால் சிறு புள்ளி வைத்து, பிட்டின் நுனியை அதன் நேர்மேலே நிறுத்துங்கள். பிறகு பிட்டை உயர்த்தி, இயந்திரத்தை நான்கு மூலைக்கும் பலமுறை விரைவாக ஓடவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கட்டளையிடுங்கள். நுனி அதே புள்ளியில் இறங்கினால் அன்றைய வேலையைத் தொடங்கலாம். இறங்காவிட்டால் மறுபடியும் தூரிகையை எடுக்க வேண்டியதுதான்.