மகனைக் காண வந்த தாய், மலையில் பலருக்குத் தாயானார்



கொடைக்கானலில் விடுதிப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஜூன் மாதம் வந்தால் மலைப்பாதையில் பெட்டி படுக்கைகளோடு ஏறும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது பல தாய்மார்கள் வத்தலக்குண்டு வரைக்கும் பேசுவதில்லை. இந்தப் பிரிவு இம்மலைக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே பிரிவைக் குறைக்கத்தான் இங்கே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமையாசிரியை கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கத் தாய். அவர் பெயர் மார்கரெட் எடி.

விவிலியத்தில் அன்னா என்னும் தாயை நாம் அறிவோம். நேர்ந்து பெற்ற மகன் சாமுவேலைப் பால்குடி மறந்ததும் ஆண்டவரின் இல்லத்தில் குரு ஏலியிடம் ஒப்படைத்தார். ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடை தைத்து எடுத்துச் சென்றார் என்று சாமுவேல் முதல் நூல் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்கிட்டுத் தைத்த ஆடை அது. தொலைவில் இருந்தாலும் தாய் தாயே என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

மலையில் ஒரு பள்ளி ஏன்?

அமெரிக்க மறைபரப்புப் பணியாளர்கள் 1834-இல் மதுரையில் பணி தொடங்கினார்கள். காய்ச்சலும் காலராவும் அவர்களில் பலரையும், அவர்களின் குழந்தைகளையும் பலி வாங்கின. முதலில் சிறுமலையில் இளைப்பாற வீடு கட்டினார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. எனவே 1845-இல் பழனி மலையில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் ஊர் இப்படித்தான் உருவாகத் தொடங்கியது. இன்று நாம் காணும் ஏரி 1863-இல்தான் அமைக்கப்பட்டது.

மலைக்காற்று உயிரைக் காத்தது. ஆனால் படிப்புக்கு வழி செய்யவில்லை. பிள்ளைகள் ஆறு, ஏழு வயதை எட்டியதும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பாட்டி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அவர்கள் வளர்ந்தார்கள். பெற்றோருக்கு விடுமுறை கிடைப்பதோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஏழு வயதில் பிரிந்த மகனைப் பதினான்கு வயதில் பார்க்கும் தாய்க்கு, துறைமுகத்தில் நிற்கும் பையன் யார் என்றே தெரியாத நிலை வரலாம். கணவனோடு இருப்பதா, பிள்ளையோடு போவதா என்ற கேள்வி பல குடும்பங்களை வாட்டியது. நீலகிரியில் பள்ளிகள் இருந்தன. அவை ஆங்கிலேயர் பாடமுறையில் நடந்தன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அது பொருந்தவில்லை.

1901: ஒரு தாயின் சம்மதம்

மார்கரெட் எடி அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த குடும்பத்தவர், கணவரை இழந்தவர். அவருடைய மகன் ஷெர்வுட் எடி 1896-இல் இந்தியா வந்தார். தமிழ் கற்று, நம் மலையடிவாரத்தில் இருக்கும் வத்தலக்குண்டில் பணி செய்தவர் அவர். பின்னாளில் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரான வேதநாயகம் அசரியாவின் நெருங்கிய நண்பரும் ஆவார். அந்த மகனைக் காண வந்த தாயிடம்தான், தொடங்கவிருந்த பள்ளியின் பொறுப்பை ஏற்கக் கேட்டார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார்.

1901-இல் 'ஹைக்ளர்க்' என்ற பழைய விடுதிக் கட்டடத்தில் சில குழந்தைகளோடு பள்ளி தொடங்கியது. கட்டடத்தின் பெயரே பள்ளிக்கும் பெயரானது. அன்று கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து கால்நடையாகவோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏற வேண்டும். அப்படி ஏறிவந்த பிள்ளைகளுக்கு இரவில் ஒரு தாய் இருந்தார் என்பது சிறிய காரியம் அல்ல.

பள்ளியின் நாட்காட்டியும் கவனிக்கத்தக்கது. கோடையில் சமவெளி கொதிக்கும்போது பெற்றோர் மலையேறிப் பிள்ளைகளோடு தங்குவார்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் சமவெளிக்கு இறங்கி வருவார்கள். பல ஆண்டுப் பிரிவு சில மாதப் பிரிவாகக் குறைந்தது. குடும்பத்தை நடுவில் வைத்துக் கல்வியைத் திட்டமிட்டார்கள் என்பதே இதன் சிறப்பு.

நாம் மறக்கக் கூடாதவர்கள்

உண்மை முழுவதையும் சொல்லவேண்டும். அந்தப் பள்ளி மறைபரப்பாளர்களின் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்காக அல்ல. நாற்காலி சுமந்த கூலித் தொழிலாளரின் பெயர்களோ, வெள்ளையர் வீடுகளில் குழந்தைகளைத் தாலாட்டிய ஆயாக்களின் பெயர்களோ கல்லில் பொறிக்கப்படவில்லை. அந்த ஆயாக்களில் பலருக்கும் வீட்டில் சொந்தப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கடவுளின் நினைவில் அவர்களுக்கும் இடம் உண்டு. 1970-களில் அப்பள்ளி 'கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி' ஆகி, பல நாட்டு, பல சமயப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. அதன் வளாகத்தில் உள்ள கல் சிற்றாலயம் மார்கரெட் எடியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லவே என்று சிலர் கேட்கலாம். பிரிந்த சகோதரரிடம் விளங்கும் கிறிஸ்தவ நன்மைகளை மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்க, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில் நமக்குக் கற்பித்திருக்கிறது. இதே மலையில் செண்பகனூரில் 1895 முதல் இயேசு சபையினரும், 1916 முதல் காணிக்கை அன்னை கன்னியரும் கல்விப்பணி செய்து வந்திருப்பதையும் நன்றியோடு நினைக்கிறோம்.

இன்று நம் குடும்பங்களில்

1901-ஆம் ஆண்டிலேயே, 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் பிலிப்பைன்சுக்குப் போனார்கள். இன்றோ பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியைகள் அமெரிக்கப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அந்நாட்டுத் தாய்மார் பலர் தம் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, பிறர் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நம் பங்குகளிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் செவிலியராகவும் வீட்டுப் பணியாளராகவும் சென்ற தாய்மார் உண்டு. மாதாமாதம் வரும் பணத்தை நாம் எண்ணுகிறோம். அவர்கள் தலையணையில் சிந்தும் கண்ணீரை யார் எண்ணுவது?

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வெளிநாட்டில் இருக்கும் தாயிடம் குழந்தை தினமும் ஒரே நேரத்தில் பேசட்டும். பணத்தைப் பற்றி மட்டும் அல்ல, பள்ளியில் நடந்ததைப் பற்றியும் பேசட்டும். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்களுக்கு அன்பியங்கள் துணை நிற்கட்டும். திமொத்தேயுவின் நம்பிக்கை அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் தொடங்கியது என்று பவுலடியார் எழுதுகிறார். விடுதிக் காப்பாளரும் ஆசிரியரும், இரவில் விழித்து அழும் குழந்தையிடம் முதலில் சென்று அமர்பவர்களாக இருக்கட்டும்.

மார்கரெட் எடி வந்தது தம் ஒரு மகனைப் பார்க்க. அவர் காத்தது பல தாய்மாரின் பிள்ளைகளை. பிள்ளைகளைப் பிரிந்து வாழும் ஒவ்வொரு தாயையும், பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாய்ப் பேணும் ஒவ்வோர் ஆசிரியையையும் இந்த ஞாயிறு திருப்பலியில் பெயர் சொல்லி நினைவுகூர்வோம். சிலுவையடியில் நின்ற அன்னை மரியா அவர்களுக்குத் துணை நிற்பாராக.