மிதவைக்குப் பூசுவது எதை?

நெல்லும் மிளகும் விளைந்த காணியை நீர்த்தேக்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் சில, இன்று அதே நீரில் வலையும் தூண்டிலும் போட்டுக் கறிக்கு வழி பார்க்கின்றன. நாவுலப் பகுதியில் அம்பன் கங்கையை மறித்துக் கட்டிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 ஜூலையில் தொடங்கினார்கள். பழைய லக்கலை நகரமே இடம் மாறியது. மண்வெட்டி பிடித்துப் பழகிய கைக்கு மீன்பிடி புதிய தொழில். வலையையும் தங்கூசியையும் தூண்டில் முள்ளையும் கடையில் வாங்கத்தான் வேண்டும். மிதவைக்கும் போலி இரைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதென்றால் கட்டுப்படியாகாது. ஆகவே தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த ரெஜிபோமையும், வார் அறுந்த பாட்டா செருப்பையும் வெட்டி வீட்டிலேயே செய்துகொள்கிறோம். இதில் வெட்டுவது இலகு. எதைப் பூசுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நாமும் தவறினோம்.

பெண்கள் குழுவொன்றுடன் சேர்ந்து நாம் முதலில் செய்த அறுபது மிதவைகளின் கதையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு நாள் உட்கார்ந்து ரெஜிபோமை வெட்டி, அரத்தாளால் தேய்த்து, தங்கூசி போக நடுவில் துளை போட்டு, கோழி முட்டை அளவில் அழகாகச் செய்தோம். தூரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்புப் பெயின்ற் வாங்கி, இறுக்கமாக இருந்ததால் தின்னர் கலந்து பூசி, கயிற்றில் கோர்த்துக் காயவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் கயிற்றில் தொங்கியவை மிதவைகள் அல்ல, காய்ந்த மிளகாய் போலச் சுருங்கிய சிவப்புத் தோல்கள். இரண்டு நாள் கூலியும் பெயின்ற் காசும் போயிற்று. பெயின்ற் பழையதாக இருக்கும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் பேசிக்கொண்டது அநியாயம். பெயின்றில் ஒரு குறையும் இல்லை. குறை எமது தெரிவில் இருந்தது.

எந்தப் பூச்சும் டப்பாவில் இருக்கும்போது நீர்மமாக இருக்கிறது, பூசிய பின் தோலாக இறுகுகிறது. அதை நீர்மமாக வைத்திருப்பது ஒன்று, கடைசியில் தோலாக நிற்பது இன்னொன்று. தின்னரில் கரைத்த பெயின்றில் தின்னர் பறந்து போகிறது, நிறம் நிற்கிறது. சுவருக்குப் பூசும் எமல்சனில் தண்ணீர் பறந்து போகிறது. தச்சர் பூசும் அரக்குப் பொலிஷில் ஸ்பிரிட் பறந்து போகிறது. அரல்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பிசினில் எதுவும் பறப்பதில்லை, இரண்டும் கலந்து தாமாகவே இறுகுகின்றன. ஆகவே கடைக்காரரிடம் "இது நல்ல பூச்சா?" என்று கேட்பதில் பயனில்லை. "இது எதில் கரைந்திருக்கிறது?" என்று கேட்க வேண்டும். பறந்து போகும் அந்தப் பொருள், போகுமுன் கீழே இருக்கும் நுரையைத் தொடுகிறது. நுரை அதில் கரையுமென்றால், தோல் இறுகுவதற்குள் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

ரெஜிபோம் என்பது பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை ஊதிச் செய்த மணிகள். அதில் பெரும்பகுதி காற்றுத்தான், பிளாஸ்டிக் மெல்லிய சுவராகவே இருக்கிறது. தின்னர், அசிற்றோன், பெற்றோல் மூன்றும் இந்தச் சுவரைக் கரைத்துவிடும். நகத்துக்குப் பூசும் கியூட்டெக்சும் அப்படித்தான். ஸ்பிரே டப்பாவில் வரும் பெயின்றும் அப்படித்தான். எனாமல் பெயின்ற் கொஞ்சம் மெதுவாக அரிக்கும், ஆனால் அரிக்கும். சுப்பர் குளூவும் ரெஜிபோமில் குழி விழுத்தும். ஓடம் செய்பவர்களிடம் மிஞ்சும் பைபர் கிளாஸ் பிசினைக் கேட்டு வாங்கிப் பூசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கூடவே கூடாது. அந்தப் பிசின் கரைந்திருப்பதே ஸ்டைரீனில். ரெஜிபோமும் அதே ஸ்டைரீனில் பிறந்தது, ஆகவே ஊற்றிய இடத்தில் பள்ளம் விழும்.

ரெஜிபோமைப் பெற்றோலில் கரைத்தால் நல்ல ஒட்டுப் பசை வரும் என்று அறிந்து அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பசை வருவது உண்மை. ஆனால் ஒற்றை அறை வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகள் நடுவே பெற்றோல் கிண்ணம் வைப்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர மாட்டோம்.

அப்படியானால் ரெஜிபோமுக்கு எது பொருந்தும்? செலவு குறைந்த வழி தண்ணீரில் கரையும் பூச்சு. வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்சன் பெயின்றை மூன்று முறை பூசலாம், ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பின். உட்சுவர் பெயின்ற் மலிவு, ஆனால் நனைந்து கொண்டே இருந்தால் உரியும். இதைவிட உறுதியாக வேண்டுமானால் பழைய பருத்திச் சேலையை விரலகலத்தில் கிழித்து, தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் தோய்த்து, காயத்துக்குக் கட்டுப் போடுவது போல மிதவையைச் சுற்றுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை பசை பூசுங்கள். இந்தத் துணித்தோல் ரெஜிபோம் மணிகள் உதிராமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் திரும்பவும் இளகும். அதற்கு மேல் எனாமல் பூசியே ஆக வேண்டும். துணித்தோல் இருந்தால் எனாமல் உள்ளே போகாது என்று சொல்ல ஆசைதான். ஊசித்துளை ஒன்று இருந்தாலும் அதன் வழியே போய்க் குடைந்துவிடும். தங்கூசி போகும் துளையின் வாயை நாம் மறந்து, அதனால் இரண்டாம் தடவையும் சில மிதவைகளை இழந்தோம். துளைக்குள் பானம் உறிஞ்சும் குழாயின் துண்டொன்றைச் செருகி, வாயைப் பசையால் அடைத்துவிட்டுப் பூசுவதே இப்போது எமது வழக்கம்.

கூடுதல் செலவு செய்ய முடிந்தால் அரல்டைட் வகைப் பிசின் சிறந்தது. ரெஜிபோமை அது தொடுவதில்லை. மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை கைக்கு வசதி, ஆனால் நீருக்குள் நாள்கணக்கில் கிடந்தால் அவ்வளவு நிலைக்காது. டப்பாவில் வரும் எப்பொக்சி பெயின்றும் இதுவும் ஒன்றென்று எண்ண வேண்டாம், அதில் தின்னர் உண்டு. இன்னொன்று, இந்தப் பிசின் வெயிலில் மஞ்சளித்து மேலே மாப்போல உதிரும். அதன்மேல் ஒரு பெயின்ற் பூச்சு இருந்தால் அது வெயிலைத் தாங்கும். கலக்கும்போது கையில் படாமல் பொலித்தீன் பையைக் கையுறையாகப் போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் அரிக்கும்.

பூச்சு வேலையில் எமது மாவட்டத்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. மாத்தளைக்கு அண்மையில் உள்ள பல்லேஹாப்புவிட கிராமத்து அரக்கு வேலையை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருக்கிறார். அரக்குப் பூச்சி மரக்கிளையில் விடும் பிசினை நிறம் சேர்த்துக் கரி நெருப்பில் இளக்கி, நூல்போல இழுத்து, பிரம்பு கைபிடி முதலியவற்றில் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பதிப்பார்கள். சிங்களத்தில் அதற்கு நகவேலை என்று பொருள்படும் பெயர். மிதவைக்கு அரக்கு பூசினால் என்ன என்று எமது குழுவில் ஒரு பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கிராமத்து முறையில் அரக்கை இளக்குவது சூடு. மரம் அந்தச் சூட்டைத் தாங்கும், ரெஜிபோம் சுருங்கிவிடும். ஆனால் அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தால் ரெஜிபோமுக்கு ஒரு தீங்கும் இல்லை. தச்சர் பொலிஷை இரண்டு முறை பூசி, அது காய்ந்த பின் மேலே எனாமல் பூசிப் பார்த்தோம், நின்றது. அரக்கை மட்டும் பூசி நீரில் விட்டால் வெளுத்துப்போகும். ஒரே பொருளாக இருந்தாலும் அதை இளக்குவது எது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது.

இனி போலி இரை. ஆங்கிலேயர் 1880களில் மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டார்கள். அதைப் பிடிக்க முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈ போன்ற இரை செய்வது அவர்கள் வழக்கம். இறகு நனைந்து அமிழ்ந்துவிடும் என்பதால் பின்னாளில் நுரைத்துண்டைக் கட்டத் தொடங்கினார்கள். எமக்கு ட்ரவுட் இல்லை, விரால் இருக்கிறது. சிங்களத்தில் லூலா என்பார்கள். புல் ஓரத்தில் தவளை குதித்தால் பாய்ந்து கவ்வும் மீன் அது. பாட்டா செருப்பின் நுரையைத் தவளை, வெட்டுக்கிளி வடிவில் வெட்டி முள்ளில் கட்டினால் அது மேலே மிதந்து விராலை இழுக்கும்.

இந்த நுரை ரெஜிபோம் போல அல்ல. இறப்பர் போல வளையும், தின்னருக்கும் அவ்வளவு இலகுவில் கரையாது. கியூட்டெக்சைப் பூசலாம், சுப்பர் குளூவும் நிற்கும். இங்கே தொல்லை வேறு. மீன் கடிக்கும்போது நுரை நசுங்கும், கல்லில் அடித்தால் வளையும். மேலே கண்ணாடி போல இறுகிய பூச்சு இருந்தால் அது வளையாது, வெடித்துச் செதிலாகக் கழரும். கடும் பளபளப்போடு சந்தைக்கு வந்த இரைகள் இரண்டு வீச்சில் உரிந்ததைப் பார்த்திருக்கிறோம். ஆகவே செருப்பு நுரையின் உடல் முழுவதும் எதையும் பூசவேண்டாம் என்பதே எமது கருத்து. அந்த நுரையின் கண்கள் மூடியவை, தண்ணீர் உள்ளே போகாது, பூச்சில்லாமலே மிதக்கும். நிறத்தை மார்க்கர் பேனாவால் தீட்டலாம். பூச்சு தேவைப்படுவது நூல் சுற்றிய இடத்துக்குத்தான். விராலின் பல்லில் முதலில் அறுவது அந்த நூல். அங்கே அரல்டைட்டோ கியூட்டெக்சோ இரண்டு முறை வையுங்கள். கண்ணுக்கு ஒரு பொட்டு வையுங்கள். அவ்வளவு போதும். கைத்தொலைபேசி திருத்துபவர்கள் ஊதாக்கதிர் விளக்கில் இறுக்கும் பிசினும் நல்லது, வெயிலில் வைத்தாலும் இறுகும். வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கலாம். கட்டாயமில்லை.

பொதி சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளில் எதுவும் சரியாக ஒட்டுவதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

எந்த நுரையாக இருந்தாலும், முதலில் தீப்பெட்டி அளவு துண்டில் பூசி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். பிறகு அதை ஒரு வாளி நீரில் போட்டு ஈயக் குண்டைக் கட்டிப் பாருங்கள். பூச்சுக் கூடினால் பாரமும் கூடும், மிதவை தாழ்ந்துவிடும். ஆசைக்கு நாலு, ஐந்து முறை பூசிய மிதவை வலையைத் தூக்காது. மழைக்காலத்தில் கார்த்திகை, மார்கழியில் எமது மாவட்டத்தில் பூச்சுக் காய்வதே கஷ்டம், இறுகாத பூச்சை நீரில் இறக்கினால் வெண்மையாகி உரியும். மிதவை செய்கிற வேலையை மழை தொடங்குமுன் முடித்து வைத்தால் நல்லது.

பூச்சு வெடித்த ரெஜிபோம் மிதவையைத் திரும்ப நீருக்குக் கொண்டுபோக வேண்டாம். அலை அடிக்க அடிக்க அது மணிமணியாக உதிர்கிறது, அவற்றை மீனும் நீர்ப்பறவையும் இரை என்று விழுங்குகின்றன. அந்த நீர்த்தேக்கத்திலிருந்து வயலுக்கு மட்டுமல்ல, குடிக்கவும் நீர் போகிறது. வெட்டும்போது விழும் துகளைச் சாக்கில் சேர்த்து வையுங்கள், அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், அந்தக் கரும்புகை நெஞ்சுக்கு ஆகாது. நாம் அந்தத் துகளைப் பழைய துணியில் அடைத்துத் தைத்து, ஓடத்தில் உட்காரப் போட்டுக்கொள்கிறோம்.